இகுவானோடான் எலும்புக்கூட்டை முறையாகப் பார்ப்பது எப்படி?

டைனோசர் கூடத்துக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் முதலில் தலையைப் பார்க்கிறார்கள், பிறகு நீளத்தைப் பார்த்து வியக்கிறார்கள், ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த விலங்கு என்ன தின்றது, எப்படி மென்றது, எப்படி நின்றது, எப்படி நடந்தது என்பதற்கான சான்றுகள் அனைத்தும் கண்முன்னே திறந்து கிடக்கின்றன. ஆனால் எந்த எலும்பை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறையைப் போக்குவதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தாவர உண்ணி டைனோசரான இகுவானோடானை எடுத்துக்காட்டாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதன் முழுமையான எலும்புக்கூடுகள் பல கிடைத்துள்ளன என்பது ஒன்று. 200 ஆண்டுகளாக அறிஞர்கள் அதைப் பலமுறை தவறாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஓர் எலும்பின் சாட்சியத்தால் திருத்திக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. அந்த எலும்புகளை நாமும் பார்த்துச் சரிபார்க்கலாம்.

தேவைப்படுபவை அதிகமில்லை. நேரில் செல்ல முடிந்தால் ஒரு மணி நேரம், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் போதும். முடியாதவர்கள் பக்கவாட்டுத் தோற்றம், கை, இடுப்பு, தாடை ஆகிய நான்கின் தெளிவான படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இங்கே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

எங்கே பார்ப்பது

இகுவானோடானைப் பார்க்க உலகிலேயே சிறந்த இடம் பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள பெல்ஜிய அரச இயற்கை அறிவியல் நிறுவனத்தின் அருங்காட்சியகம். 1878ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெல்ஜியத்தின் பெர்னிசார் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில் வழி வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் நிலக்கரிக்குப் பதிலாகக் களிமண் நிரம்பிய ஒரு பகுதியை எதிர்கொண்டார்கள். அதில் கிடைத்தவற்றை அவர்கள் முதலில் கல்லாகிப்போன மரம் என்றே நினைத்தார்கள். உயிரியலாளர் பியர் ஜோசப் வான் பெனெடன் அங்கிருந்து வந்த பற்களை ஆராய்ந்து, அவை இகுவானோடானுடையவை என்று அடையாளம் கண்டார். மூன்று ஆண்டுகள் நடந்த அகழ்வில் சுமார் 130 டன் எடையுள்ள புதைபடிவங்களும் பாறையும் பிளாஸ்டர் பூசிய 600 கட்டிகளாக மேலே கொண்டுவரப்பட்டன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் இருந்தன. 1881இல் ஜார்ஜ் பூலாஞ்சே இந்தப் பெரிய இனத்துக்கு இகுவானோடான் பெர்னிசார்டென்சிஸ் என்று பெயரிட்டார். இன்று அந்த அருங்காட்சியகத்தில் ஒரு கூட்டம் கண்ணாடி அறைக்குள் நிறுத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு கூட்டம் சுரங்கத்தில் கிடந்த நிலையிலேயே கிடத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது மிக முக்கியம். ஏன் என்பதை வாலைப் பற்றிய பகுதியில் விளக்குகிறேன்.

இங்கிலாந்தில் வசிப்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் பெர்னிசார் எலும்புக்கூட்டின் வார்ப்புகளை, அதாவது அச்செடுத்துச் செய்த பிரதிகளைக் காணலாம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் நெருங்கிய உறவினமான மான்டெலிசாரஸின் எலும்புக்கூடு இருக்கிறது. முற்காலத்தில் அதையும் இகுவானோடான் என்றே அழைத்தார்கள். 2007இல்தான் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். ஆகவே பழைய நூல்களிலும் படங்களிலும் இகுவானோடான் என்று குறிக்கப்பட்டிருப்பது உண்மையில் எந்த விலங்கு என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

இந்தியாவில் இகுவானோடான் கிடைத்ததில்லை. இங்குள்ளவர்கள் ஒப்பிட்டுப் பழகுவதற்கு வேறு இரண்டு தாவர உண்ணிகள் இருக்கின்றன. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் பாராபாசாரஸும், ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசாரஸும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இரண்டும் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் பாறைகளில் கிடைத்த, நீண்ட கழுத்துடைய நான்கு கால் விலங்குகள். இகுவானோடான் சேர்ந்த குழுவிலிருந்து அவை எவ்வளவு விலகியவை என்பதை இடுப்பைப் பார்த்தவுடனே கண்டுகொள்ளலாம்.

அசல் எது, வார்ப்பு எது

எலும்பைப் படிக்கத் தொடங்குமுன் அது எலும்புதானா என்று கேட்க வேண்டும். அருங்காட்சியகங்களில் முழுமையாகத் தெரியும் கூடுகளில் பல, பாதி அசலும் பாதி பிளாஸ்டரும் கலந்தவை. விளக்கப் பலகையில் வார்ப்பு, மறுவடிவம், நிறைவு செய்யப்பட்டது போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலகை மௌனமாக இருந்தால் எலும்புகளையே கேளுங்கள். அசல் எலும்பில் விரிசல்களும், நசுங்கலும், இடத்துக்கு இடம் மாறும் நிறமும் இருக்கும். இடப்பக்க எலும்பும் வலப்பக்க எலும்பும் அச்சாக ஒத்திருக்கமாட்டா. பிளாஸ்டர் பகுதி பெரும்பாலும் ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும். பாராபாசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் உடல் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தபோதும் மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்களே கிடைத்தன. ஆகையால் அந்த விலங்கின் முகத்தைக் காட்டும் எந்த உருவமும் உறவினங்களைப் பார்த்து ஊகித்துச் செய்யப்பட்டதே. பார்வையாளர் மிக நெடுநேரம் பார்க்கும் பகுதியே மிகக் குறைந்த சான்றுடைய பகுதியாக இருப்பது அருங்காட்சியகங்களில் அடிக்கடி நேர்கிறது.

பெர்னிசார் எலும்புகளின் விஷயத்தில் நிறம் வேறொரு கதையையும் சொல்கிறது. அவை கறுப்பும் பழுப்பும் கலந்து, மெல்லிய பளபளப்போடு தெரியும். அந்த எலும்புகளின் நுண்துளைகளில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் படிந்திருந்தது. சுரங்கத்தின் காற்றுப்புகாத களிமண்ணில் இருந்தவரை தீங்கில்லை; வெளியே வந்து ஈரக்காற்று பட்டதும் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து, அமிலமும் உப்புமாக மாறிப் பருத்து, எலும்பை உள்ளிருந்தே வெடிக்கச் செய்தது. முதலில் பிசினும் பசையும் கொண்டு காப்பாற்ற முயன்றார்கள். 1930களில் கூடுகளைக் கழற்றி, ஆல்கஹாலில் கரைத்த அரக்கைப் பூசினார்கள். நீங்கள் காணும் பளபளப்பில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 2003 முதல் 2007 வரை மீண்டும் ஒரு பெரிய சீரமைப்பு நடந்தது. கண்ணாடி அறை அமைக்கப்பட்டதும் ஈரத்தையும் வெப்பத்தையும் ஒரே அளவில் வைத்திருப்பதற்காகவே. எனவே கண்ணாடியில் விழும் ஒளிப்பிரதிபலிப்பைக் குறை சொல்லாமல், பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள்.

பல்லில் தொடங்குங்கள்

இந்த விலங்கைப் பற்றிய அறிவு பல்லில்தான் தொடங்கியது. நாமும் அங்கேயே தொடங்குவது பொருத்தம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதி மருத்துவர் கிடியன் மான்டெல் 1820களின் தொடக்கத்தில், கக்ஃபீல்டு ஊரருகே கிடைத்த சில விசித்திரமான பற்களைச் சேகரித்தார். 1823இல் அவற்றைப் பாரிஸில் பார்த்த பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் குவியே, முதல் பார்வையில் காண்டாமிருகத்தின் பல் என்று கருதினார். அடுத்த ஆண்டிலேயே அது தாவரம் உண்ணும் ஒரு பெரிய ஊர்வனவின் பல்லாக இருக்கலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1824இல் லண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் சாமுவேல் ஸ்டச்பரி, தாம் பதப்படுத்தியிருந்த இகுவானா ஓணானின் பற்களை மான்டெலுக்குக் காட்டினார். வடிவம் ஒத்திருந்தது, அளவு மட்டும் பன்மடங்கு. 1825இல் மான்டெல் இகுவானோடான் என்ற பெயரை வெளியிட்டார்.

பல்லைப் பார்க்கும்போது மூன்று இடங்களில் கண்ணை நிறுத்துங்கள். முதலாவது விளிம்பு: தேயாத புதிய பல் இலை வடிவில் இருக்கும், அதன் இரு ஓரங்களிலும் சிறுசிறு பற்கள் வெட்டியதுபோல் வரிசையாக ஓடும். இரண்டாவது முகப்பு: மேல்தாடைப் பல் ஒடுக்கமானது, அதன் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த முகடு எழுந்து நிற்கும், கீழ்த்தாடைப் பல் அகலமானது, அதில் முகடுகள் தாழ்ந்திருக்கும். மூன்றாவது தேய்ந்த பரப்பு: இதுவே முக்கியம். மேற்பற்களில் எனாமல் வெளிப்பக்கத்தில் தடித்தும், கீழ்ப்பற்களில் உட்பக்கத்தில் தடித்தும் இருக்கிறது. மென்மையான பகுதி விரைவாகத் தேய, தடித்த எனாமல் விளிம்பு கூர்மையாக எஞ்சுகிறது. மெல்லும்போதெல்லாம் பல் தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும் அமைப்பு இது. மேற்பற்கள் கீழ்ப்பற்களின் வெளிப்புறமாக இறங்கி உரசியதால் தேய்ந்த பரப்பு சாய்வாக இருப்பதையும் கவனியுங்கள். இறைச்சியைக் கிழிக்கும் பல்லில் இத்தகைய அகன்ற தேய்வைக் காண முடியாது. தாவர உண்ணி என்று விளக்கப் பலகை சொல்வதை நீங்களே உறுதிசெய்துகொள்ளும் இடம் இதுதான்.

பல்லைக் கொண்டு உணவை அறியலாம். உடலின் நீளத்தை அறிய முயலக்கூடாது. மான்டெல் இகுவானாவின் பல்லுக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை அப்படியே பெருக்கி, இகுவானோடான் 18 மீட்டர் நீளம் என்று கணக்கிட்டார். இன்று முழு எலும்புக்கூடுகளை அளந்து நாம் அறிவது ஏறக்குறைய 10 மீட்டர் அளவே. ஒரே ஓர் உறுப்பை வைத்து முழு விலங்கை அளக்கும் எந்தச் செய்தியைப் படித்தாலும், அந்த உறுப்பு உடலோடு ஒத்த விகிதத்தில் வளரக்கூடியதா என்று கேட்டுப் பாருங்கள்.

தாடையின் நுனியும் கன்னமும்

பல்வரிசையிலிருந்து முன்னோக்கி நகருங்கள். வாயின் முன்பகுதியில் பல்லே இல்லை. அங்கே எலும்பு சொரசொரப்பாக, சிறு துளைகளோடு இருக்கும். உயிரோடிருந்தபோது அதன்மேல் ஆமைக்கும் பறவைக்கும் இருப்பதுபோன்ற கொம்புப்பொருளால் ஆன அலகு இருந்தது. கீழ்த்தாடையின் நுனியில், இரு பாதிகளையும் இணைத்துக்கொண்டு ஒரு தனி எலும்பு பொருந்தியிருப்பதைத் தேடிப் பிடியுங்கள். டைனோசர்களில் இகுவானோடான் சார்ந்த பெருங்குழுவுக்கு மட்டுமே உரிய அடையாளம் அது. படங்களில் அந்தப் பொருத்துக்கோடு தெளிவாகத் தெரியும். ஒருமுறை கண்டுகொண்டால் மூன்றுகொம்பன் டிரைசெராடாப்ஸிலும் முதுகுத்தட்டுடைய ஸ்டெகோசாரஸிலும் அதே எலும்பை நீங்களாகவே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பல்வரிசை தாடையின் வெளிவிளிம்பில் இல்லாமல் சற்று உள்ளே ஒதுங்கியிருப்பதையும் பாருங்கள். மெல்லும்போது உணவு வெளியே சிந்தாமல் காக்கும் சதைப்பகுதி அந்த இடைவெளியை மூடியிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாடையை நம்மைப்போல் பக்கவாட்டில் அசைக்க இயலாத அந்த விலங்கு எப்படி அரைத்தது என்பதற்கு டேவிட் நார்மனும் டேவிட் வைஷாம்பெலும் 1980களில் ஒரு விளக்கம் தந்தார்கள். வாய் மூடும்போது மேல்தாடையின் பக்கவாட்டு எலும்புகள் சற்றே வெளிப்புறம் மடங்கிக்கொடுத்ததால், மேற்பல் கீழ்ப்பல்லின்மீது வழுக்கி உணவை அரைத்தது என்பது அது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் அந்த மடக்கம் அவ்வளவு இருந்திருக்க முடியாது என்று மறுத்தார்கள். தேய்வுப் பரப்பின் சாய்வு அனைவரும் ஏற்கும் சான்று. அதற்கான இயக்கத்தில்தான் விவாதம்.

இடுப்பெலும்பு

இடுப்பில் மூன்று எலும்புகள் உள்ளன. முதுகெலும்போடு இணைந்து மேலே நீண்டு கிடப்பது இலியம். தொடை பொருந்தும் குழியிலிருந்து பின்னோக்கிக் கீழே இறங்குவது இஸ்கியம். மூன்றாவதான பியூபிஸை நிதானமாகத் தேடுங்கள். பாராபாசாரஸிலும் கோட்டாசாரஸிலும் அது முன்னோக்கிக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இகுவானோடானில் அதன் தண்டுப்பகுதி பின்னோக்கித் திரும்பி, இஸ்கியத்தை ஒட்டி மெல்லிய கோலாக ஓடிப் பாதிவழியில் முடிகிறது. முன்பக்கத்தில் தட்டையான ஒரு நீட்சி தனியாகப் புறப்படுகிறது. முதல் பார்வையில் அந்த முன்நீட்சியையே பியூபிஸ் என்று எண்ணிக் குழம்ப இடமுண்டு. பின்னால் ஓடும் கோலைக் கண்டால் குழப்பம் நீங்கும்.

1880களின் இறுதியில் தொல்லுயிரியலாளர் ஹாரி சீலி டைனோசர்களை இரு பெருங்குழுக்களாகப் பிரித்தது இந்த எலும்பின் திசையை வைத்துத்தான். பியூபிஸ் பின்னுக்குத் திரும்பியதால் கால்களுக்கிடையே பெரிய குடலுக்கு இடம் கிடைத்தது, இரண்டு காலில் எழுந்தாலும் எடை முன்பக்கம் சாயாமல் நின்றது என்று பலர் விளக்குகிறார்கள். நார்ச்சத்து மிக்க தாவரத்தைச் செரிக்க நீண்ட குடல் வேண்டும் என்பதால் இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனாலும் இதை மட்டும் வைத்து ஒரு விலங்கைத் தாவர உண்ணி என்று முடிவுசெய்துவிடக்கூடாது. பறவைகளுக்கும் வெலாசிராப்டர் போன்ற ஊனுண்ணிகளுக்கும்கூடப் பியூபிஸ் பின்னோக்கியே இருக்கிறது. இடுப்பும், பல்லும், கீழ்த்தாடையின் நுனி எலும்பும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் நம் முடிவு உறுதிப்படுகிறது.

கையில் நெடுநேரம் நில்லுங்கள்

ஒரே ஓர் உறுப்பைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்றால், நான் கையைப் பார்க்கச் சொல்வேன். டைனோசர் உலகில் இவ்வளவு வேலைகளை ஒரே கையில் பிரித்துக் கொடுத்த விலங்குகள் மிகக் குறைவு.

கட்டைவிரலில் தொடங்குங்கள். அது கூம்பு வடிவக் கூர்முள்ளாக, மற்ற விரல்களுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த எலும்பு தனியாகக் கிடைத்தபோது மான்டெல் அதைக் கொம்பு என்று எண்ணி, தாம் வரைந்த படத்தில் மூக்கின்மேல் வைத்தார். 1854இல் லண்டனின் சிடனம் பகுதியில் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக, உடற்கூற்றியலாளர் ரிச்சர்டு ஓவனின் அறிவுரையோடு பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த சிலைகளிலும் அது மூக்கில்தான் இருக்கிறது. அந்தச் சிலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. லண்டன்வாசிகள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். பெர்னிசாரில் கையெலும்புகள் இடம் பெயராமல் ஒன்றோடொன்று சேர்ந்தபடியே கிடைத்தபோதுதான் முள்ளின் இடம் கட்டைவிரல் என்பது ஐயமின்றித் தெரிந்தது. எதிரியைக் குத்தவா, இனத்தாரோடு மோதவா, கனிகளைப் பிளக்கவா என்று அதன் பயன் குறித்துப் பல கருத்துகள் உண்டு. எலும்பு தன்னளவில் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. ஆகவே முள்ளால் ஊனுண்ணியைக் குத்தும் படத்தைப் பார்த்தால், அது ஓர் ஊகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடுவிலுள்ள மூன்று விரல்கள். அவை ஒன்றையொன்று நெருக்கி, ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கின்றன. நுனிகளைப் பாருங்கள்: வளைந்த நகத்துக்கு அங்கே இடமில்லை, குளம்புபோல் தட்டையான எலும்புதான் இருக்கிறது. மேலே மணிக்கட்டுக்கு வந்தால், பல டைனோசர்களில் தனித்தனியாக இருக்கும் சிற்றெலும்புகள் இங்கே ஒன்றாக இறுகி ஒரு கட்டியாகியிருப்பதைக் காணலாம். பற்றவும் பிடிக்கவும் மட்டுமே பயன்பட்ட கைக்கு இப்படி இறுகிய மணிக்கட்டு தேவையில்லை; உடலின் எடை அந்தக் கையின்மீது இறங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடைசியாகச் சுண்டுவிரல். அது மெலிந்து நீண்டு, மற்ற விரல்களிலிருந்து விலகி நிற்கிறது; அதன் மூட்டுகள் வளைந்து கொடுக்கக்கூடியவை. கிளைகளையும் இலைக்கொத்துகளையும் வளைத்துப் பிடிக்க அது உதவியிருக்கும் என்று கருதுகிறார்கள். பிடிக்கச் சுண்டுவிரலும், நடக்க நடுவிரல்களும், குத்த வாய்ப்புள்ள கட்டைவிரலுமாக அமைந்த இந்தக் கையைக் குறிப்பேட்டில் ஒருமுறை வரைந்து பாருங்கள். எலும்புகளின் எண்ணிக்கையும் திசையும் சரியாக இருந்தால் போதும், அழகு தேவையில்லை. வரையும்போதுதான் எந்த எலும்பை நாம் உண்மையில் பார்க்கவில்லை என்பது தெரியவரும்.

இப்போது ஓர் எளிய அளவீடு. பக்கவாட்டுப் படத்தில் மேற்கை, முன்கை, கை மூன்றின் நீளத்தையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். அவ்வாறே தொடை, கணுக்காலுக்கு மேலுள்ள கால், பாதம் மூன்றையும் கூட்டுங்கள். முதல் கூட்டுத்தொகையை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது கைகால் விகிதம். இகுவானோடான் பெர்னிசார்டென்சிஸில் கையின் நீளம் காலின் நீளத்தில் முக்கால் பங்கு வரை இருக்கும். மான்டெலிசாரஸில் ஏறக்குறைய பாதிதான். பெர்னிசாரின் பெரிய விலங்குகளோடு கிடைத்த மெலிந்த சிறிய விலங்கான மான்டெலிசாரஸை ஒரு காலத்தில் அதே இனத்தின் மற்றொரு பாலினம் என்று கருதியவர்களும் உண்டு. விகிதத்தை அளந்து பார்த்தால், அதைத் தனியாகப் பிரித்தவர்களின் காரணம் உங்களுக்கே விளங்கும். படத்தில் கோணம் சாய்ந்திருந்தால் அளவு பிழைக்கும் என்பதால் நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தையே பயன்படுத்துங்கள்.

வாலும் நிற்கும் நிலையும்

பிரஸ்ஸல்ஸில் கண்ணாடி அறைக்குள் நிற்கும் கூட்டம், உடலை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி, கங்காரு உட்கார்ந்திருப்பதுபோல் நிற்கிறது. தொல்லுயிரியலாளர் லூயி டோலோவின் வழிகாட்டுதலில், லூயி டெ போ தலைமையிலான குழுவினர் பிரஸ்ஸல்ஸின் ஒரு பழைய தேவாலயத்தைப் பட்டறையாக்கி, உயர்ந்த சாரம் கட்டி, எலும்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பொருத்திப் பார்த்தார்கள். 1882இல் முதல் கூடு நிறுத்தப்பட்டது. ஓவன் இகுவானோடானைக் காண்டாமிருகம்போல் நான்கு காலில் நிற்கும் கனத்த விலங்காகக் கற்பனை செய்திருந்தார். முன்கால்களைவிடப் பின்கால்கள் நீண்டிருப்பதை 1858இல் அமெரிக்காவில் ஜோசப் லெய்டி ஹாட்ரோசாரஸ் என்னும் உறவின டைனோசரில் காட்டிய பிறகு, இரண்டு காலில் எழுந்து நிற்கும் உருவமே சரியென்ற எண்ணம் வலுப்பட்டது. ஒப்பிடுவதற்குப் பறக்காத பெரிய பறவையான காசோவரியின் எலும்புக்கூடும் கங்காரு இனத்தின் எலும்புக்கூடும் பட்டறையில் வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்தின் அறிவுக்கு அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வாலின் மேற்புறத்தைக் கூர்ந்து பாருங்கள். முதுகெலும்பின் மேல்முட்களை ஒட்டி, முதுகிலிருந்து இடுப்பைக் கடந்து வால்வரை, மெல்லிய குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் சாய்ந்து, கூடை முடைந்ததுபோல் கிடக்கும். அவை எலும்பாக இறுகிப்போன தசைநாண்கள். உயிருள்ள விலங்கில் அவை முதுகையும் வாலையும் ஒரே கோட்டில் விறைப்பாகத் தாங்கியிருக்க வேண்டும். இப்படிக் கட்டப்பட்ட வாலைத் தரையில் ஊன்றுமாறு மேல்நோக்கி வளைக்க வேண்டுமானால், அந்தப் பின்னலை உடைத்தாக வேண்டும். கிடத்தி வைக்கப்பட்டுள்ள கூடுகளிடம் இப்போது போங்கள். அவற்றில் வால் எந்தப் பக்கம், எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதையும் தசைநாண்கள் குலையாமல் இருக்கும் இடங்களையும் பார்த்துவிட்டு, மறுபடியும் நிற்கும் கூட்டத்துக்கு வாருங்கள். வால் அடிப்பகுதியில் திடீரெனத் திரும்பும் இடம் கண்ணில் உறுத்தும்.

1980இல் டேவிட் நார்மன் பெர்னிசார் எலும்புக்கூடுகளைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டபோது, இந்த வாலையும், எடை தாங்கும் கையையும், வலுவான தோள் எலும்பையும் சேர்த்து வைத்து, முதுகைத் தரைக்கு இணையாகப் பிடித்து வாலைப் பின்னால் நீட்டி நடந்த விலங்கு இது என்று நிறுவினார். வளர்ந்தவை பெரும்பாலும் நான்கு காலிலும், தேவைப்படும்போது இரண்டு காலிலும் இயங்கின. கை சிறிதாக இருந்த இளம் விலங்குகள் இரண்டு காலில் அதிகம் நடந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. இதை அறிந்த பின்னும் பிரஸ்ஸல்ஸ் கூடுகளை மாற்றி நிறுத்தாததற்குக் காரணம் அலட்சியமன்று. பைரைட்டால் நலிந்த அந்த எலும்புகளை இரும்புச் சட்டத்திலிருந்து கழற்றினால் பல நொறுங்கிவிடும். ஆகவே பழைய நிலையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். என் கருத்தில் அதுவே சரி. 1882ஆம் ஆண்டின் அறிவியலும் இன்றைய அறிவியலும் ஒரே கூடத்தில் அருகருகே கிடைப்பது அரிய வாய்ப்பு.

பாதமும் தடமும்

பின்பாதத்தில் மூன்று பெரிய விரல்கள். நுனி மழுங்கிய, குளம்பு போன்ற நகவெலும்புகள். தெற்கு இங்கிலாந்திலும் வைட் தீவிலும் மூன்று விரல் தடங்கள் பாறையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் அகன்று மழுங்கிய விரல்களையுடையவற்றை இகுவானோடான் வகை விலங்குகளுடையவை என்கிறார்கள். சில தடவரிசைகளில் பெரிய பாதத்தடத்தின் முன்னே சிறிய கைத்தடமும் பதிந்திருக்கிறது. எலும்பு சொன்ன நான்கு கால் நடைக்கு அது தனியான சாட்சி. ஊனுண்ணியின் தடத்திலிருந்து பிரித்தறிய விரல் நுனியைப் பாருங்கள்: அது ஒடுங்கிக் கூர்மையாக முடியும், இது அகலமாக முடியும். தடத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்லத் துணியாதீர்கள். ஒரே வடிவப் பாதம் பல இனங்களுக்கு உண்டு.

ஓவியங்களைச் சோதிப்பது

எலும்பைப் பார்த்து முடித்தபின், அதே விலங்கைக் காட்டும் ஓர் ஓவியத்தை எடுத்து வைத்துச் சோதித்துப் பாருங்கள். பிள்ளைகளோடு செய்வதற்கு மிக ஏற்ற பயிற்சி இது. மூக்கில் கொம்பு இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கருத்து. வால் தரையில் இழுபட்டால் 1980க்கு முந்தைய கருத்து. வாயின் முன்பக்கம் பற்கள் தெரிந்தால் ஓவியர் மண்டையோட்டைப் பார்க்கவில்லை. கையில் ஐந்து விரல்களும் தனித்தனியாக விரிந்திருந்தால் கையையும் பார்க்கவில்லை.

பின்னணியையும் விடாதீர்கள். இகுவானோடான் வாழ்ந்தது ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிடேசியஸ் காலத்தின் முற்பகுதியில். அன்றைய ஐரோப்பாவின் தாழ்நிலங்களில் பெரணிகளும், ஈக்விசிட்டம் வகைச் செடிகளும், சைக்கஸ் இனங்களும், ஊசியிலை மரங்களும் வளர்ந்தன; பூக்கும் தாவரங்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. புல்வெளி என்ற ஒன்று அன்று இல்லை. எனவே பச்சைப் புல்வெளியில் மேயும் இகுவானோடான், எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், காலம் தவறிய படம். இவற்றுள் எந்தச் செடியை அது விரும்பித் தின்றது என்பதைப் பல்லும் தாடையும் மட்டும் சொல்லிவிடா. தழையையும் தண்டையும் நறுக்கி அரைக்கக்கூடிய வாய் இருந்தது என்பதுவரை சொல்லலாம்.

மந்தையாக வாழ்ந்தது என்று காட்டும் படங்களையும் இதே கவனத்தோடு அணுகுங்கள். பெர்னிசாரில் இத்தனை விலங்குகள் ஒரே இடத்தில் கிடைத்ததால், ஒரு கூட்டமே பள்ளத்தில் விழுந்து மாண்டது என்ற கருத்து நெடுங்காலம் இருந்தது. களிமண் அடுக்குகளை ஆராய்ந்தபோது, எலும்புக்கூடுகள் வெவ்வேறு மட்டங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் வந்து சேர்ந்தவை என்று தெரிந்தது. உடன் கிடைத்த மீன்களும், ஆமைகளும், முதலைகளும் அது சதுப்பும் நன்னீரும் சூழ்ந்த இடம் என்பதைக் காட்டுகின்றன. ஓரிடத்தில் சேர்ந்து கிடப்பது வேறு, சேர்ந்து வாழ்ந்தது வேறு. கூட்டமாகப் புதைந்த எந்த விலங்கைப் பார்த்தாலும், அவை எத்தனை அடுக்குகளில் கிடந்தன என்ற விவரத்தை விளக்கப் பலகையில் தேடுங்கள். அது அங்கே இல்லையென்றால் அருங்காட்சியகப் பணியாளரிடம் கேளுங்கள்.